மூன்றாவது சுற்று

இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருக்கும் வில்லா மொரேல்லா தோட்டத்தில் ஒரெஸ்தேக்கு இருபத்தாறு வருடமாக ஒரே உத்தியோகம்: வருகிறவர்களை நனைப்பது. மாளிகையைக் கட்டிய பிரபுவுக்கு விருந்தாளிகள் நனைந்து அலறினால்தான் சாப்பாடு செரிக்குமாம். கல்பெஞ்சுக்கு அடியில் ரகசியக் குழாய்களைப் பதித்துவிட்டு மனிதர் முந்நூறு வருடத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். ஒரெஸ்தே வேலிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெஞ்சில் யாராவது அமர்ந்தால் குழாயைத் திருகுவார். ஒரு சுற்றுக்குப் பாதம், இரண்டுக்கு முழங்கால். மூன்றாவது சுற்று கழுத்து வரை பாயும். அதை மட்டும் அவர் முயன்றதில்லை. ஈரக் கழுத்தில் காற்று பட்டால் பத்து நாள் படுக்கை என்பது அந்தக் கரையில் பாதிரியாரும் டாக்டரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம். மத்தியானத்துக்கு மேல் ப்ரேவா காற்று வேறு கிளம்பிவிடும். ஒரெஸ்தே ஜூன் மாதத்திலும் மஃப்ளர் கட்டுகிற ஆசாமி.

புது நிர்வாகி துல்லியா வந்ததும் அவர் பிழைப்பில் மண் விழுந்தது.

"ஒரெஸ்தே, கேமரா நனைஞ்சுபோச்சுன்னு ஒரு ஜெர்மன்காரர் நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதியிருக்கார். சனிக்கிழமையோட குழாயை மூடிடலாம். நீங்க டிக்கெட் கவுன்ட்டருக்கு வந்துடுங்க."

"மேடம், அங்க ரெண்டு பக்கமும் ஜன்னல்! ஒரே வாரத்துல கருவாடாக் காய்ஞ்சுடுவேன்."

"மஃப்ளர்தான் இருக்கே."

அன்றிலிருந்து ஒரெஸ்தேக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு, குழாயை மூட துல்லியா வந்தாள். கூடவே பதினைந்து நாளாக வீட்டில் தங்கியிருந்த மாமியார் அதால்ஜீசா. ஐந்தரை ரயிலில் ஊருக்குக் கிளம்புகிறவள். கால் வலிக்கிறதென்று நேரே அந்தக் கல்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"என்னடி தோட்டம் இது, ஒரு கத்தரிக்காய்கூட இல்ல? நீ கிண்டுற போலெந்தாக் களி மாதிரி, பார்க்கத்தான் லட்சணம். என் புள்ள எலும்பும் தோலுமாப் போயிட்டான்."

புள்ளையின் எடை தொண்ணூற்றெட்டு கிலோ.

துல்லியா பல்லைக் கடித்துக்கொண்டு வேலிக்குப் பின்னால் வந்தாள்.

"மூணு சுத்து சுத்தினா எதுவரைக்கும் வரும்?"

"கழுத்து வரைக்கும். வேண்டாம் மேடம், காத்து கெளம்பிடுச்சு!"

"போறவங்களை நல்லபடியா அனுப்பி வைப்போம்" என்று அவளே திருகினாள்.

கிழவி போட்ட கூச்சலில் ஏரியில் ஒரு படகுக்காரன் துடுப்பை நழுவவிட்டான். துல்லியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஒரெஸ்தேயும் கவலையை மறந்து சிரித்துவிட்டார், பாவம்.

பெஞ்சிலிருந்து நிதானமான குரல் வந்தது.

"கழுத்துல காத்து பட்டுடுச்சு. இனி எங்க ரயிலேறுறது? பத்து நாள் உன் வீட்டுலதான். உங்க பெட்ரூமைக் காலி பண்ணு, அங்கதான் காத்து வராது."

சிரிப்பு பாதியில் நின்றது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

திங்கட்கிழமை கவுன்ட்டருக்குப் போகுமுன் முக்காலியை எடுக்க ஒரெஸ்தே வேலிப் பக்கம் வந்தார். அதன்மேல் துல்லியா மடியில் ஃபைல்களோடு குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவாப் பேசுங்க. அத்தை ரெண்டு தட்டு ரிசோத்தோ சாப்பிட்டுட்டு ஆபீசுக்கே வந்துட்டாங்க. என் நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க."

"படுக்கைன்னாங்களே?"

"ராத்திரிக்கு மட்டும்தானாம். தண்ணிக்குப் பயந்து இந்தப் பக்கம் மட்டும்தான் வரமாட்டாங்க."

"அப்போ குழாயை மூட வேண்டாமா, மேடம்?"

"மூடினீங்க, உங்க வேலை போயிடும்!"