நான்கு சிவப்புப் பொட்டுகள்

என் அப்பா தர்பூசணியை மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாங்காமலே வருகிறவர். அவருடைய வீட்டில் தங்கிக்கொண்டுதான் சித்தி ஓவியராவது என்று முடிவு செய்தாள்.

நாங்கள் அப்போது மௌலா அலி ரயில்வே காலனியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அம்மாவின் தங்கையான சித்தி, அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கத் திருச்சியிலிருந்து வந்தவள். ஆறே மாதத்தில் அதை விட்டுவிட்டு, எங்கள் பால்கனியில் கான்வாஸை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிப் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தாள். வரைந்ததையெல்லாம் போட்டோ எடுத்து ஓவியக்கூடங்களுக்கு அனுப்பினாள். வெகுநாள் யாரும் பதில் போடவில்லை. கடைசியில் ஒருவர் போட்டார். மாரெட்பள்ளியில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் ஓவியக்கூடம் நடத்துகிறவர். பத்து ஓவியங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

“முன்னப்பின்ன தெரியாதவன் எதுக்குச் சும்மா இடம் குடுக்கிறான்?” என்றார் அப்பா. பிறகு தீர்ப்பும் சொன்னார். மூன்று நாள் கண்காட்சியில் ஒன்றாவது விற்க வேண்டும். இல்லையென்றால் சித்தி மறுபடி அமீர்பேட்டுக்குப் போக வேண்டும். கடைசி நாள் அவரே நேரில் வந்து பார்ப்பார். அதுவரை சித்திக்குத் துணையாக என்னை அனுப்பினார். “அந்த ஆளு என்ன பண்றான்னு பாத்துக்கிட்டே இரு” என்பது எனக்கு இடப்பட்ட வேலை.

அந்த ஆள் தலைமுடியைப் பின்னால் முடிந்திருந்தார். போனில் ரகசியக் குரலில் பேசினார். இரண்டும் எனக்குப் போதுமானதாக இருந்தன. அவர் கொடுத்த பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன். “ஐசா கைக்கு தேக்ரை, பேட்டி?” ஏன் இப்படிப் பார்க்கிறாய் மகளே என்று சிரித்தார். ஏன் முறைக்கிறேன் என்று அவருக்கே தெரியும் என்பதால் இன்னும் கொஞ்சம் முறைத்தேன்.

ஆட்கள் வந்தார்கள், நின்று பார்த்தார்கள், வாசலில் இருந்த நோட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மதியம் நான் பின்பக்கம் உட்கார்ந்து சமோசா தின்றுவிட்டுத் திரும்பியபோது, நான்கு ஓவியங்களின் ஓரத்தில் சுவரில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. எதிரே அந்த ஆள் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

விற்றுப்போன ஓவியத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் சிவப்பு என்றால் தப்பு. இரண்டு நாள் பிஸ்கட் கொடுத்துவிட்டு இப்போது சித்தியின் படங்களுக்குத் தப்புப் போட்டிருக்கிறார்! அவர் போன் பேச வெளியே போனதும் ஸ்டூலில் ஏறி, நான்கையும் நகத்தால் சுரண்டி எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து அப்பா நேராக வந்தார். உள்ளேயிருந்து சித்தி சிரித்தபடி ஓடிவந்து, “மாமா, இங்க பாருங்க” என்று சுவரைக் காட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“எத்தனை போச்சு?” என்றார் அப்பா.

சித்தி கையை இறக்கினாள். “ஒண்ணுகூடப் போகல மாமா.”

அப்பா அவளையே பார்த்தார். “இங்கல்லாம் நாலு வித்துச்சு, அஞ்சு வித்துச்சுன்னு கதை விடுவாங்கன்னு ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்க. நீயும் அப்படித்தான் சொல்லுவேன்னு நெனச்சு வந்தேன்” என்றார். அப்புறம், தண்ணீர்த் தொட்டிகள் வரைந்திருந்த ஓவியத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, “இது நம்ம மாடிதானே?” என்றார். அதைப் பார்த்தபடியே, “சரி, இன்னும் ஒரு வருஷம் பாரு” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்.

அந்த வருடம் முடிவதற்குள், நோட்டில் எழுதிவிட்டுப் போன ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு இரண்டு ஓவியங்கள் கேட்டு அழைத்தார். அதன்பின் சித்தி அமீர்பேட் பக்கமே போகவில்லை.

அன்றைக்கு, ஓவியங்களை அடுக்கிய ஆட்டோவில் போகும்போது, அவள் காதில் என் வீரத்தைச் சொன்னேன். “அந்த ஆளு உன் படத்துக்குத் தப்புப் போட்டுட்டான் சித்தி. எல்லாத்தையும் நான் பிச்சுப் போட்டுட்டேன்.”

சித்தி என்னை வெறித்துப் பார்த்தாள். “அவர் இல்லடி. உங்கப்பாகிட்ட காட்ட நானேதான் சும்மா ஒட்டுனேன்” என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. “அழ நக்கோ சித்தி, அழாத, அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்” என்றேன். நான்கில்தானே தப்பு, மீதி ஆறும் சரிதானே என்று அவளுக்குத் தைரியமும் சொன்னேன்.