ஒன்றாம் மாதக் கரும்பு

நான் பயந்தாங்கொள்ளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் ஊதினால் என்னைத்தான் இறங்கச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்து நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கையில், சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அக்கா வீட்டுக்காரர் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர் என்றதும் மேசை, டிவி மாதிரி பெட்டி என்று நினைக்க வேண்டாம். நான் சொல்வது எண்பதுகளின் கதை. மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருக்கும். மேலே ஒரே ஒரு வரி தெரியும், அதில் இருபத்து நாலு எழுத்து. பட்டன் ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. நாம் எழுதும் புரோகிராமும் நாம் கொடுக்கும் எண்களும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் எழுத்துக்குமேல் போனால் இடமில்லை என்று கைவிரித்துவிடும். பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் துடைத்துவிட்ட சிலேட்டு. அந்தப் பொட்டு மாதிரியான பேட்டரி பெரம்பலூரிலும் இல்லை, அரியலூரிலும் இல்லை, திருச்சிக்குப் போக வேண்டும். ஆக, பயப்படுவதற்குத் தேவையான எல்லா வசதிகளும் உள்ள பொருள்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் அப்போது ஒரு சின்னத் தனியார் கரும்பாலை இருந்தது. நான் அங்கே குமாஸ்தா. கட்டிங் ஆர்டர் போடுவது என் வேலை. எந்த வயலில் எப்போது நட்டார்கள் என்று பார்த்து, முதலில் நட்டதை முதலில் வெட்டச் சொல்லிப் பட்டியல் போட வேண்டும். நட்டு ஏறத்தாழ ஒரு வருஷத்தில் கரும்பு முற்றும். அதற்கு முன்னால் வெட்டினால் சாறு வெறும் தண்ணீர். தாண்டினால் கரும்பு பூத்து உள்ளே சக்கையாகிவிடும். நூற்றுப் பத்து வயல். கையால் அடுக்க ஒரு வாரம் ஆகும்.

அந்த வருஷம் அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்க முடிவு செய்தேன். கூடவந்த புத்தகத்தைப் படித்துப் படித்து, மாதம், தேதி, வயல் நம்பர் மூன்றையும் ஒரே எண்ணாகக் கோத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் புரோகிராம் எழுதினேன். மாதத்தின் பெயரை எழுத இடமேது? ஆலையில் இரண்டு பீல்டுமேன்கள். ஆளுக்கொரு பக்கமாக வயல் வயலாகப் போய்ப் பதிவெடுப்பவர்கள். இரண்டு பேரிடமும், "பேரெல்லாம் வேணாம்ணே. மாசத்துக்கு நம்பர் மட்டும் போட்டுக் குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டேன்.

பட்டியலைக் கம்ப்யூட்டர் அடுக்கிய வேகம் இருக்கிறதே, அதைத் தட்டிவிட்டு பஸ் ஏறி அரியலூர் போய் டீ குடித்துத் திரும்பினால் அப்போதும் அடுக்கிக்கொண்டிருக்கும். முடிந்ததும் ஒவ்வொரு நம்பராகப் பார்த்துக் காகிதத்தில் எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். "ரெண்டே நாள்ல முடிச்சிட்டியேப்பா!" என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அது டிபன் பாக்ஸுக்குள், தயிர்சாதம் இருக்க வேண்டிய இடத்தில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

பட்டியல் ஒட்டிய மறுநாள் காலை, முதல் வயலில் வெட்டு தொடங்கும் நாள். வாட்ச்மேன் வந்தார்.

"சார், ஒரு அம்மா வந்துருக்காங்க. லிஸ்ட்டு போட்டவரு யாருன்னு கேக்கறாங்க."

"என்ன விஷயமாம்?"

"தெரியல சார். கையில அருவா வச்சிருக்காங்க."

எனக்கு உடனே கக்கூஸ் வந்துவிட்டது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மனுஷன் உள்ளேயே எவ்வளவு நேரம் இருப்பான்? வெளியே வாட்ச்மேன் குரல்: "இருங்கம்மா, இப்ப வந்துருவாரு. வவுறு சரியில்ல போலருக்கு."

வெளியே வந்தேன். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. இடது கையில் ஆளுயரக் கரும்பு ஒன்று, வலது கையில் அரிவாள். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கரும்பைச் சுவரில் சாய்த்து ஒரே வெட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தோல் சீவின ஒரு துண்டு என் மூக்குக்கு நேராக நின்றது.

"மென்னு பாருங்க."

மென்றேன். உயிருக்காக மென்றேன். தேன் மாதிரி இனித்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா... நல்லாருக்குங்க."

"இத எப்ப வெட்டறதாம்? லிஸ்ட்டுல எம் பேரு கடைசிப் பக்கமா கெடக்கு. பங்குனியிலங்கறாங்க. இப்பவே கெணத்துல தண்ணி அடிக்குப் போயிடுச்சு. பங்குனி வரைக்கும் இந்த ரெண்டு ஏக்கரும் நிக்குமா? எனக்கு இருக்கறதே இதான் தம்பி. நீங்களே சொல்லுங்க."

"எப்ப நட்டீங்க?"

"தை பத்து. பொங்கக் கரும்புச் சக்க காயறதுக்குள்ள நட்டேன்."

உள்ளே ஓடிப் பதிவைப் பார்த்தேன். அவர் வயலுக்கு நேரே 10–10 என்று இருந்தது. எனக்குப் பத்தாம் மாதம் என்றால் அக்டோபர். தையில் நட்டவருக்கு எப்படி அக்டோபர் வந்தது? அந்த அம்மா பக்கத்து வயல்களைப் பார்க்கும் பீல்டுமேன் அப்போதுதான் வெற்றிலை மென்றபடி வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க ஒண்ணாம் நம்பரு எந்த மாசத்துக்குப் போட்டீங்க?"

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சித்திரைக்குத்தான். வேற எந்த மாசத்துல வருசம் பொறக்குது?"

"இன்னொரு பக்கத்து அண்ணன்?"

"அவரு காலண்டர் பாத்து இங்கிலீசுல போட்டுருப்பாரு. நீங்கதான் பேரு வேணாம்னுட்டீங்களே தம்பி."

அவர் பக்கத்து ஐம்பது வயல்களில், சித்திரையில் நட்ட பச்சைக் கரும்பெல்லாம் பட்டியலின் தலையில், தையில் நட்டு முற்றிய கரும்பெல்லாம் வாலில். அதோடு முதல் வெட்டு யார் வயலில்? சித்திரை இரண்டாம் தேதி நட்டவர் வயலில். இன்று காலையே. அந்த வயல்காரரிடம் கம்பு இருக்குமா, மண்வெட்டி இருக்குமா, அண்ணன் தம்பி எத்தனை பேர் என்றெல்லாம் மனம் எண்ணத் தொடங்கியது.

"அந்த வயலு எங்கங்க இருக்கு?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"எங்க காட்டுக்கு அடுத்ததுதான். வாங்க, நான் காட்டறேன்."

சைக்கிளை எடுத்தேன். அவர் கேரியரில் ஏறிக்கொண்டார். அரிவாளை எங்கே வைத்துக்கொண்டார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்று மைல் மண்சாலை. ஒவ்வொரு குழியிலும் என் முதுகெலும்பு தனித்தனியாகப் பிரார்த்தனை செய்தது.

"கொஞ்சம் வெரசா மிதிங்க," என்றார் பின்னாலிருந்து. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் சைக்கிள் ஓட்டியதில்லை.

போய்ச் சேர்ந்தால் வெட்டு ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசை மட்டும் சாய்ந்து கிடந்தது. மேஸ்திரி என் பக்கம் ஒரு துண்டை எறிந்தார். "எந்த மகராசன் சார் இதுக்கு ஆர்டர் போட்டது? கரும்பா இது? சோளத்தட்டைகூட இத விட இனிக்கும். ரெண்டு வரிசையோட நிறுத்திட்டு ஆளு அனுப்பலாம்னு இருந்தேன்."

"அதான்... நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன்," என்றேன், யாரோ மகராசன் செய்த தப்பைத் திருத்த வந்த பெரிய மனிதன்போல. அந்த அம்மா என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கு அரிவாளே தேவலாம்.

திரும்பி வந்து மேனேஜர் அறைக்குள் அந்த அம்மாவோடேயே நுழைந்தேன். தனியாகப் போகப் பயம். பீல்டுமேனும் பின்னால் வந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் கக்கினேன்.

மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கால்குலேட்டரா?"

"கம்ப்யூட்டர் சார்."

"அப்படியா. இதுல சித்திரை எங்கய்யா இருக்கு?"

"இப்பப் போட்டுடறேன் சார்." ஒரே ஒரு வரி சேர்த்தேன். இந்த அண்ணன் பக்கத்து வயலென்றால் மாதத்தோடு மூன்றைக் கூட்டு, பன்னிரண்டைத் தாண்டினால் பன்னிரண்டைக் கழி. தட்டிவிட்டேன். நான்கு பேரும் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் எழுத்துகள் வெளிறின. அப்புறம் மங்கின. அப்புறம் இல்லை.

"என்னாச்சு?"

"பேட்டரி சார்."

"உள்ள இருந்ததெல்லாம்?"

நான் டிபன் பாக்ஸை மூடினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "நாளைக்குக் காலையில சரியான லிஸ்ட்டு இல்லன்னா, உன் பேரு எந்த லிஸ்ட்டுலயும் இருக்காது," என்றார்.

அப்போது அந்த அம்மா சொன்னார்: "வயலுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடுங்க தம்பி. நாங்க அடுக்கறோம்."

பழைய பில்களைக் கிழித்து, அவற்றின் பின்பக்கத்தில் நூற்றுப் பத்துச் சீட்டு எழுதினேன். அவரும் பீல்டுமேனும் ஆபீஸ் தரையில் உட்கார்ந்து வரிசை கட்டினார்கள். பதிவைக்கூட அவர் அதிகம் பார்க்கவில்லை. "இவுங்க மாசி மகத்துக்கு மறுநாளு நட்டாங்க. இது பொங்கலுக்கு முந்தி. இந்தாளு பதிவுல பொய் சொல்லிருக்காரு, நட்டதே பங்குனியில, நாந்தான் நடறதுக்குக் கரணை வெட்டப் போனேன்." சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதுவதற்குள் முடிந்துவிட்டது. தன் சீட்டை எடுத்து எங்கே வைக்கிறார் என்று நான் கவனித்தேன். சரியாக அதன் இடத்தில், பதினோராவதாக, வைத்தார். முதலாவதாக வைத்திருந்தால்கூட நான் வாய் திறந்திருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் முறை வந்த நாளில் வயலுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. உண்மையாகவே வெட்டுகிறார்களா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டுக் கட்டாக வண்டியில் ஏறியது. கரும்பு பூக்கவில்லை. மேஸ்திரி கடித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த அம்மா வரப்பில் நின்றபடியே கேட்டார்: "ஏந்தம்பி, அடுத்த நடவுக்கு நான் தேதி சொல்றப்ப, உங்க ஒண்ணா, எங்க ஒண்ணா?"

"உங்க ஒண்ணே இருக்கட்டுங்க," என்றேன்.

பிறகு திருச்சி போய் இரண்டு ஜோடி பேட்டரி வாங்கி வந்தேன். புரோகிராமை மறுபடி எழுதினேன். அடுத்த வருஷமும் அது அடுக்கித் தந்தது. அந்தப் பட்டியலை மேனேஜரிடம் கொடுப்பதற்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதல் பத்து வயலுக்கும் போனேன், வயலுக்கு ஒரு கரும்பைக் கடித்துப் பார்க்க. ஏழாவது வயலில் ஒரு பல் ஆடியது. போனால் போகிறது என்று மீதி மூன்றையும் கடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.