துக்க மணிக்கு முந்திய செய்தி

இரண்டு வருடங்களுக்கு முன், தவக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது இது. மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய்ப் பக்கம் எங்கள் பங்கு. கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்து ரீச்சரான நான்தான் பொறுப்பு. பூசை நேரம், சிரமதானம், செபமாலை எதுவென்றாலும் என் கைத்தொலைபேசியில் இருந்துதான் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

கடலுக்குப் போகும் ஒருவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்காகச் செபிக்கும்படி முதல் நாள் குழுவில் போட்டிருந்தேன். அன்று காலை அவருடைய தம்பி அழுதபடி அழைத்தார்.

“அண்ணன் போயிட்டார் ரீச்சர். அண்ணி பஸ்ஸிலை வாறா, அவவுக்குத் தெரியாது. சுவாமியை வரச் சொல்லுங்கோ.”

எங்கள் ஊரில் யார் இறந்தாலும், சுவாமி என்று நாங்கள் அழைக்கும் பங்குத்தந்தை முதலில் வீட்டாரிடம் நேரில் சொல்வார். அதன் பிறகுதான் துக்க மணி அடிக்கும். மணியடிப்பவர் கயிற்றைப் பிடித்தபடி காத்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எனக்குத்தான் காத்திருக்கத் தெரியவில்லை. வேறு யாரும் முந்திவிடுவார்களோ என்ற அவசரம். தம்பி சொன்னது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. சுவாமிக்கு அழைத்துச் சொன்ன கையோடு, இறந்தவரின் படத்தைத் தேடி, சுற்றிவரப் பூ வைத்துக் குழுவில் போட்டுவிட்டேன். கைகூப்பிய படங்களும் இரங்கல்களும் மளமளவென்று வந்தன.

அவற்றுக்கு நடுவே ஒரு குரல்பதிவு. இறந்தவரின் மனைவி அனுப்பியது. பிள்ளைகளை அடம்பனில் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, கணவருக்குக் கஞ்சியோடு வந்துகொண்டிருந்தவர். அவரைக் குழுவில் சேர்த்ததே நான்தான்.

பஸ் இரைச்சலுக்குள் அவர் கேட்டார்: “ரீச்சர், ஆரைச் சொல்லுறியள்? காலமையும் என்னோடை கதைச்சவரல்லோ. கஞ்சி கொண்டு வாறன் எண்டு சொன்னனான்.”

உடனே அந்தப் படத்தை அழித்தேன். அழித்து என்ன பயன்? அவருக்கு அழைத்துப் பேசவும் துணிவு வரவில்லை. சுவாமி ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றாராம். கஞ்சிப் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்தபடி பஸ்ஸை விட்டு இறங்கியவரிடம் சொல்லச் சுவாமிக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அந்த அம்மா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஞாயிறு பூசையில் சமாதானம் தெரிவிக்கும் நேரம், இன்றும் என் பக்கம் திரும்பிக் கைகூப்புகிறார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது எந்த மரணச் செய்தியையும் மணி அடித்த பிறகே போடுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறை துக்க மணி கேட்கும்போதும், அந்தப் பஸ் இரைச்சலுக்குள் இருந்து வந்த, நான் இன்னும் பதில் சொல்லாத கேள்விதான் எனக்குக் கேட்கிறது.