வேலிக்குக் கீழாலை ஒரு ஷேல் கிணறு

நிலத்தைத் துளைக்கிறவனுக்கு ஊரில் இரண்டு பெயர்: தண்ணீர் வந்தால் தெய்வம், வராவிட்டால் கள்ளன். வெளிநாட்டில் பழகின தொழிலாலேயே ஊரில் மாட்டுப்பட்ட சகபாடிகளே, கேளுங்கோ. சத்தியம், சத்தியம், சத்தியம்! இதிலை ஒரு சொல்லுப் பொய்யெண்டாலும் என்ரை பல்லுச்செட் அச்சுவேலிச் சந்தை நடுவிலை கழண்டு விழட்டும்.

மச்சானின் வெங்காயம்

டெக்சாசில் எண்ணெய்க் கிணறு துளைத்துக் களைத்து ஊருக்கு வந்தேன். இளைப்பாற விட்டார்களா? மனைவியின் தம்பி நடேசு ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து நின்றான். வாயில் விட்டேன், உப்பு. இறைத்து இறைத்தே கிணற்றை உவராக்கிவிட்டான். வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியிருந்தது. இந்தக் கிழமைக்குள் நல்ல தண்ணீர் இல்லையென்றால் தோட்டம் முழுக்கப் போச்சு.

ஆழத் துளைத்தால் இன்னும் உப்புத்தான் வரும் என்றேன். நடேசு பக்கத்து வளவைக் கண்ணால் காட்டினான். அங்கே செல்லத்துரை அண்ணையின் கிணறு, தண்ணீர் இளநீர்தான். ஆனால் வேலி அரைச் சாண் நகர்ந்ததென்று இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை.

"அத்தான், நீங்கள் அங்கை நிலத்துக்குக் கீழாலை பக்கவாட்டிலை போறனியள்தானே? இஞ்சையும் வேலிக்குக் கீழாலை ஒருக்காப் போங்கோவன்!"

தும்மின மாடுகள்

அவனுக்கு விளக்கிப் பார்த்தேன். ஷேல் என்பது தட்டுத்தட்டாய் அடுக்கின கல்லு. எண்ணெய் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். சும்மா துளைத்தால் வராது. நேரே கீழே போய், குழாயை மெல்ல வளைத்து, படுக்கையாய் மைல்கணக்கில் போகவேணும். பிறகு தண்ணீரும் மணலும் மருந்தும் கலந்து அமுக்கி அடித்தால் கல்லு வெடிக்கும், வெடிப்பு மூடாமல் மணல் தாங்கும், எண்ணெய் வரும். ஒருமுறை நான் அடித்த அடியில், மேலே மேய்ந்த மாடெல்லாம் ஒன்றாகத் தும்மின. மாட்டுக்காரன் ஓடி வந்தான்.

"இன்னொருக்கா அடி ஐயா, பால் தானாய் இறங்குது!"

சலூன் கதிரை

டெக்சாசில் எண்ணெய் வற்றிப்போச்சென்று கைவிட்ட ஊரெல்லாம் இந்தத் துளையால் உயிர்பெற்றன. ஆளில்லாத தெருவில் லொறி நெரிசல், படுக்க இடமில்லை. நான் ஒரு சலூன் கதிரையை வாடகைக்கு எடுத்துப் படுத்தேன். காலையில் எழும்பினால் தலை மொட்டை! சலூன்காரரைப் பிடித்தேன்.

"உமக்குப் பின்னாலை நிண்டவர் அவசரமெண்டார், அதுதான் உம்மை முதல் முடிச்சன்."

நடேசு சிரிக்கவில்லை. "கதை காணும் அத்தான், மெஷினைப் பூட்டுங்கோ" என்றான்.

வேலிக்கு அந்தப் பக்கம்

குழாய்க்கிணறு அடிக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்துச் சரித்துப் பூட்டினேன். சுண்ணக்கல்லு வெண்ணெய்போல வழிவிட்டது. நடேசு முருகனுக்கு நேர்த்தி வைத்தபடி நின்றான். திடீரென்று பக்கத்து வளவில் ஓர் அலறல். வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி எட்டிப் பார்த்தோம். கிணற்றுக்குள் இறங்கிப் பாசி சுரண்டிக்கொண்டிருந்த செல்லத்துரை அண்ணையின் விலாவுக்குப் பக்கத்தில், சுவரைத் துளைத்து என் துளைக்கம்பி சுழன்றுகொண்டிருந்தது. மனிசன் துவாயால் அதைப் பொத்திப் பிடித்தார், மெஷினே நின்றுபோச்சு!

ஏறி வந்தவர் எங்களைப் பார்த்தார். பிறகு கருகின வெங்காயத்தை நெடுநேரம் பார்த்தார். போய்த் தன் மோட்டர்க் குழாயை இழுத்து வந்து நடேசின் தோட்டத்துக்குள் எறிந்தார்.

"எட நடேசு, தண்ணி வேணுமெண்டு மேலாலை ஒரு சொல்லுக் கேக்கக்கூடாதே? பெருச்சாளியள் மாதிரிக் கீழாலை வாறியள்!"

வெங்காயம் பிழைத்தது, ஆனால் அமெரிக்கத் துளைதான் தன்ரை கிணற்றை நன்னீராக்கினது என்று நடேசு இன்றைக்கும் மார்தட்டித் திரிகிறபடியால், உங்களுக்கு இதைச் சொன்னது ஆரெண்டு ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதேங்கோ.