கிளீனர் இறங்கும் இடம்

டாக்டரம்மா முதன்முதலில் பார்த்தபோது, லாரிக்காரர் ஒரு வளர்ந்த நாயைக் கைக்குழந்தைபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு கால்நடை மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார். முறுக்கிய மீசைக்குக் கீழே உதடு துடித்தது.

"பேரு என்னங்க?"

"கிளீனரும்மா. லாரில கிளீனர் சீட்டுலயே உக்காந்து வளந்த பய."

வண்டி பழசாகிவிட்டது, இனி வீட்டோடு இருங்கள் என்று மனைவி பிடித்த பிடிக்கு, போன மாதம்தான் லாரியை விற்றார். அன்றிலிருந்து கிளீனருக்கு வயிறு கட்டிக்கொண்டது. கொல்லையில் மணல் கொட்டி இடம் செய்து கொடுத்தும் அது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இப்போதோ முக்கினாலும் வரவில்லை, சோற்றையும் தொடவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். கல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

"வெளக்கெண்ண ஏதாவது ஊத்துனீங்களா?"

"எங்க வீட்டுக்காரி ஊத்தலாம்னா. நான் விடலம்மா."

"நல்லவேளை. மூச்சுக்குழாயில போயிருந்தா வேற வம்பு."

எனிமா கொடுத்து, ஒருவழியாகக் கட்டியை வெளியேற்றினார்கள். நிறையத் தண்ணீர், வேகவைத்த பூசணி, காலையும் மாலையும் நடை என்று சொல்லி அனுப்பினார். லாரிக்காரர் எதிலும் குறை வைக்கவில்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாய் கஞ்சி வெச்சுத் தந்தீங்களா? நாய்க்குப் பூசணிக்காய மசிக்கிறீங்களே!" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே பூசணிக்குத் தோல் சீவியதும் அவள்தான்.

ஆனாலும் மறுவாரம் அதே கதை. நாய் படுத்த படுக்கையாய்க் கிடக்க, லாரிக்காரர் அதன் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டார். ஒருமுறை மலைப்பாதையில் அவர் கண் அசந்தபோது, தோளைப் பிறாண்டி எழுப்பிய உயிர் அது. அந்தக் கடன் தீராமலே போய்விடுமோ?

இரண்டாவது எனிமா முடிந்ததும் டாக்டரம்மா கேட்டார்: "லாரில இருந்தப்ப இது எப்ப வெளிக்குப் போகும்?"

"வண்டிய ஓரங்கட்டி, எறங்கி, கம்பியால டயரத் தட்டிக் காத்துப் பாப்பேன். தட்டுனதும் அதுவும் எறங்கிப் போய்டும்."

"அவ்வளவுதான். நீங்க தட்டாம இது போகாது. அடக்கி அடக்கி இறுகிப்போகுது."

லாரிக்காரர் வேலையை விட்டுவிட்டதை நாயிடம் யாரும் சொல்லவில்லையே!

மறுநாள் விடிந்ததும் தெருக்கோடி பால்காரரின் வேனைக் கெஞ்சி வாங்கி, கிளீனரைப் பக்கத்தில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். பழைய கம்பியை எடுத்து முன் டயரைத் தட்டினார். 'டொம்'. பின் டயரைத் தட்டினார். நாய் குதித்து இறங்கியது. புதருக்குப் பின்னால் போய், பின்னங்கால்களை மடக்கியது.

உடன் வந்திருந்த பால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். லாரிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"யோவ், நாய் வெளிக்குப் போனதுக்கா அழுவுற?"

"உன் வண்டியில்லன்னா போயிருக்குமாய்யா? நீ நல்லா இருக்கணும். அந்த டாக்டரம்மா நல்லா இருக்கணும்."

பால்காரருக்கு முதுகுவலி, வேன் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். இப்போது விடிகாலைகளில் அந்த வேனை ஓட்டுவது லாரிக்காரர்தான். பக்கத்து சீட்டில் கிளீனர் இருக்கிறது. தினமும் ஒழுங்காக வெளிக்குப் போகிறது. மருத்துவமனைக்குப் பால் போடும்போது மட்டும், டாக்டரம்மா வேண்டாம் என்றாலும், லாரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.