குசினியில் இடம் கேட்டவர்

மெல்பேர்னில் எங்கள் பக்கம் இருக்கிற தமிழர் அத்தனை பேரையும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். போன பொங்கலுக்கு அப்படித்தான் அடக்கினோம். கிளேட்டனில் பொறியியல் படிக்கிற நான்தான் அறிவிப்பாளன். மைக் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டேன் என்பது ஊரறிந்த விஷயம். பிரதம விருந்தினரைக் கண்டுபிடித்தவனும் நானே. அந்தப் பெருமையில் கால் தரையில் படாமல் திரிந்தேன்.

அவர் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். இளவயதில் யாழ்ப்பாணம் போனவர். பிரசங்கத்துக்காகத் தமிழ் படித்து, பிறகு தமிழுக்காகப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டவர் என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மீன் சந்தை, கிணற்றடிச் சண்டை என்று எங்கும் காதைக் கொடுத்து நின்று, வீட்டுக்குள் பேசுகிற தமிழுக்கு ஓர் அகராதி தொகுக்கத் தொடங்கினார். ஏச்சுக்கும் கொஞ்சலுக்கும் அகராதி இல்லையே என்பது அவர் கவலை. ஓய்வுபெற்றபின் மனைவியோடு இங்கே மகளிடம் வந்துவிட்டார். அந்த மனைவி யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரி. சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பார். அந்த அம்மா இறந்ததோடு அகராதியும் நின்றுபோயிற்று.

இதையெல்லாம் நான் அழைக்கப் போனபோது அவரே சொன்னார்.

"சபையிட்ட நான் ஒரு உதவி கேக்க வேணும், தம்பி. விடுவீங்களோ?"

"நீங்கள் தமிழில வாயைத் திறந்தாலே காணும், ஃபாதர்."

அவர் நாட்காட்டியில் தேதியைக் குறித்துக்கொண்டார்.

பொங்கலன்று நல்ல வெயில். அவர் மேடையேறி "எல்லாருக்கும் வணக்கம்" என்றதற்கே மண்டபம் அதிர்ந்தது. அடங்கும்வரை பொறுத்திருந்து, "போன வருஷம் என்ர மனுசி மோசம் போயிட்டா" என்றார். இறந்ததை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற விதம். முன்வரிசை அன்ரி பக்கத்தில் இருந்தவரை இடித்து, "அப்பிடியே எங்கட ஆக்கள் மாதிரி" என்று சிரித்தார். கைதட்டல் தொடங்கியது. ஒருவர் மனைவியை இழந்ததற்குக் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

"எனக்குத் தமிழ் கதைக்க ஆளில்லை. சொல்லெல்லாம் விட்டுப் போகுது. கிழமைக்கு ஒருக்கா ஆரேனும் உங்கட குசினியில ஒரு கதிரை போட்டு என்னை இருக்க விட்டால் காணும். நீங்கள் உங்கட பாட்டில சமையுங்கோ, சண்டை பிடியுங்கோ. நான் கேட்டுக்கொண்டு இருப்பன்."

சமையலறையைக் குசினி என்றதும் சிரிப்பு வெடித்தது. நான் பாய்ந்து மைக்கைப் பிடித்தேன். "வெள்ளைக்காரர் வாயில குசினி, கதிரை எல்லாம் வருது. இன்னொருக்காப் பலமாத் தட்டுங்கோ."

"நான் பகிடிக்குச் சொல்லேல்ல" என்றார் அவர். பகிடி என்ற சொல்லுக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நன்றி சொல்லி இறங்கிவிட்டார்.

பிறகு படம் எடுக்க வரிசை. ஒரு தாய் மகனை இழுத்து வந்து, "பார், அவர் எப்பிடிக் கதைக்கிறார். நீயும் இருக்கிறியே" என்றார். "மம், கான் வி கோ?" என்றான் அவன்.

காருக்குக் கூட்டிப்போகும்போது கேட்டார்: "ஆரும் உங்களிட்ட ஏதும் சொன்னவையோ?"

"எல்லாரும் உங்கட தமிழைப் பற்றித்தான் கதைக்கினம், ஃபாதர்."

"ஓம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கதிரைகளை அடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உதவிக்கு நின்ற நண்பனிடம், அவர் மேடையில் என்ன கேட்டார் என்று விசாரித்தேன். "ஏதோ குசினியைப் பற்றி நல்ல பகிடி விட்டவர்" என்றான். அவனுக்குத் தெரியாது. அவர் உதவி கேட்கத்தான் வந்தார் என்று எனக்கு முதலே தெரியும். தெரிந்துகொண்டுதான் மைக்கைப் பிடுங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எங்களுடையது நாலைந்து மாணவர்கள் சேர்ந்திருக்கிற வீடு. சமையலும் சண்டையும் நிறைய உண்டு. "இண்டைக்குக் கணவாய்க் கறி, ஃபாதர். எங்கட குசினியில வந்து இருங்கோ, ஆரும் சிரிக்க மாட்டினம்" என்றேன்.

தேநீர் ஊற்றித் தந்தார். அழைத்ததற்கு நன்றி, ஆனால் வரமுடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். படிப்பு எப்படிப் போகிறது என்று ஆங்கிலத்திலேயே கேட்டார். நான் விடாமல் தமிழில் பேசிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மரியாதையான, சுத்தமான ஆங்கிலத்தில் பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டேன்.