கொடி விழும்வரை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, ஒத்தக்கடையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்றது. நேரத்தை உடனே நோட்டில் குறித்துக்கொண்டேன். எதற்கும் தேதியும் மணியும் எழுதிவைப்பவன் நான்.

பாண்டிக்கும் அவர் மனைவி செல்விக்கும் அதுதான் முதல் மாடு. மேலூரில் சினைமாடாக வாங்கி வந்தார்கள். பிறந்தது கிடேரி, பெண் கன்று. செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை.

கன்று தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடியது. பாண்டி அதைப் பிடித்துத் தள்ளிக் கட்டினார்.

"கொடி விழட்டும். அதுக்கு முன்னாடி ஊட்ட விட்டா தாய்க்கு ஆகாது. எங்க ஊர்ல அப்படித்தான்."

நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றுக்குப் பால். இந்தப் பக்கம் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

செல்வி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க அம்புட்டுப் புஸ்தகம் படிக்கிறீங்க. அதுல என்ன போட்டிருக்கு?"

"அவரு மணி பாக்குறவரு. மாட்டைப் பத்தி அவருக்கென்ன தெரியும்?" பாண்டி சிரித்தார்.

எனக்குத் தெரியும். மாடு வளர்ப்பு பற்றிய எந்த அறிமுக நூலைப் புரட்டினாலும் இருக்கும் — பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஏன் சொல்லவில்லை? ஒரு நாள்கூட மாட்டுக் கயிற்றைப் பிடிக்காதவன்... அவர்கள் மாடு, அவர்கள் வழக்கம்.

"பாண்டி சொல்றபடியே செய்ங்கம்மா" என்றேன்.

பதினொன்றே காலுக்குத்தான் கொடி விழுந்தது. அதையும் குறித்தேன். கன்றுக்கு அப்போது எழுந்து நிற்கவே தெம்பில்லை. செல்வி பாலைப் பீய்ச்சி, விரலை நனைத்து நக்க வைத்தார். நாலு மடக்குதான் இறங்கியது.

மறுநாள் கழிச்சல். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். எப்போது பிறந்தது, எப்போது பால் குடித்தது என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன், நிமிடம் பிசகாமல்.

"சீம்பால்லதாண்ணே எதிர்ப்புச் சக்தியே இருக்கு. கன்னு ஊட்டினா கொடியும் சீக்கிரம் விழும். இம்புட்டு நேரம் சும்மா பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

வெள்ளிக்கிழமை காலை கன்று இறந்தது. தாய் கத்திக்கொண்டே இருந்தது.

பாண்டி குழி தோண்டப் போனார். செல்வி தொழுவத்தில் நின்றபடி கேட்டார்: "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

செல்வி கன்றின் சின்னக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

புதிதாக மாடு வளர்ப்பவர்கள் கொட்டகை, தீவனம், இனம் என்று எவ்வளவோ விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள். நல்லது. அவர்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என்னைப் போன்ற மரியாதைக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று...

தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள் — திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம்.